ஊர் மெச்சும் குடும்பம், அடகில் இருக்கும் நகை: ஒரு வாசகிக்கு வழக்கறிஞரின் பதில்

பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு, கொங்கு வட்டாரத்திலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

வயது 41. தனியார் பொறியியல் கல்லூரியில் உதவிப் பேராசிரியர். திருமணமாகிப் 17 ஆண்டுகள் ஆகின்றன. ஒரே மகள், பத்தாம் வகுப்பு. கணவர் கட்டுமானப் பொருள் வியாபாரி; கோயில் திருப்பணிக் குழுவில் இருக்கிறார், ஊரில் நல்ல பெயர். விசேஷ வீடுகளில் முதல் வரிசையில் இவர்களுக்குத்தான் நாற்காலி. "எங்களைக் காட்டித்தான் சொந்தத்துல மத்த பொண்ணுங்களுக்குப் புத்தி சொல்றாங்க" என்று எழுதியிருக்கிறார்.

வீட்டுக்குள் நிலைமை வேறு. நான்கு ஆண்டுகளாகத் தனித்தனி அறை. பேச்சு மகள் வழியாகத்தான். சம்பளம் 62,000 ரூபாய் விழும் கணக்கின் ஏடிஎம் அட்டையும், ஓடிபி வரும் சிம்மும் கணவரிடம். மாதச் செலவுக்கு இவர் கைக்கு வருவது 7,000. பிறந்த வீட்டில் போட்ட 45 பவுனில் 30 பவுன் அடகில். விசேஷங்களுக்குப் போட்டுக்கொள்ள கவரிங் ஆரம், வளையல் எல்லாம் கணவரே வாங்கிக் கொடுத்திருக்கிறார். போன ஆவணியில் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பும்போது, ஆரத்தின் கொக்கியை மாட்டிவிட்ட மகள், "இது அசலான்னு யாராவது கேட்டா என்னம்மா சொல்லணும்?" என்று கேட்டிருக்கிறாள். இரண்டு முறை அடி விழுந்திருக்கிறது. இரண்டாம் முறை பல் உடைந்தது. பல் மருத்துவரிடம் "பாத்ரூமில் வழுக்கிட்டேன்" என்று சொல்லிவிட்டார். வியாபாரத்துக்கென்று இவர் பெயரில் தனிநபர் கடன் ஒன்று எடுத்திருக்கிறார்கள். கையெழுத்து மட்டும் போட்ட காசோலைகளும் கணவரிடம் உள்ளன.

தை மாதம் கொழுந்தனார் கல்யாணம். "அதுவரைக்கும் குடும்ப மானத்தைக் காப்பாத்து" என்கிறார் மாமியார். அடுத்து மகளின் பொதுத்தேர்வு. "அதுவரை பொறுத்துப் போகலாமா? வீடு மாமனார் பெயரில் இருக்கிறது, வெளியேறினால் எல்லாம் போய்விடுமா? நான் சம்பாதிப்பதால் எதுவும் கேட்க முடியாதாமே? இத்தனை சந்தோஷப் படங்கள் இருக்கும்போது என் பேச்சை யார் நம்புவார்கள்?" இவை அவருடைய கேள்விகள்.

சகோதரி, "பொறுத்துப் போகலாமா, வெளியேறலாமா" என்று இரண்டே வழி இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இடையில் பல படிகள் உண்டு. விவாகரத்து வேண்டுமா என்பதை இன்றைக்கே முடிவு செய்ய வேண்டியதில்லை. ஆனால் சம்பளம், நகை, கடன், காசோலை ஆகிய நான்கையும் தை வரை தள்ளிப்போட முடியாது. கல்யாணத்துக்காக நீங்கள் காத்திருக்கலாம், அடகுச் சீட்டின் தவணை காத்திருக்காது. ஊர் பார்த்து மெச்சும் அந்தக் குடும்பம் பெரும்பகுதி உங்கள் சம்பளத்திலும் உங்கள் நகையிலும்தான் நின்றுகொண்டிருக்கிறது. அதனால் முதலில் காகிதங்களைக் கைக்குக் கொண்டுவருவோம். முடிவை அதன்பிறகு நிதானமாக எடுக்கலாம்.

அடித்தால் மட்டும்தான் வன்முறையா?

"இரண்டு தடவைதான் அடித்தார், அதுவும் பழைய கதை" என்று எழுதியிருக்கிறீர்கள். 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் நான்கு வகைக் கொடுமைகளைச் சொல்கிறது: உடல், பாலியல், வாய்மொழி மற்றும் உணர்வு சார்ந்தது, பொருளாதாரம். உங்கள் சம்பளத்தை எடுத்துக்கொள்வது, கேட்காமல் நகையை அடகு வைப்பது, செலவுக்குப் பணம் தராமல் இழுத்தடிப்பது எல்லாம் பொருளாதாரக் கொடுமை என்று அந்தச் சட்டமே விவரிக்கிறது. உங்கள் வழக்கின் முதுகெலும்பு இதுதான், அடி அதற்கு அடுத்தது.

காலம் கடந்துவிட்டதோ என்ற பயமும் வேண்டாம். இந்தச் சட்டத்தின் 12-வது பிரிவில் மனுப் போட, சிறு குற்ற வழக்குகளுக்கு உள்ள ஒரு வருடக் கெடு பொருந்தாது என்று தமிழ்நாட்டிலிருந்து போன காமாட்சி வழக்கில் 2022-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இந்த மனுவால் உங்கள் கணவரைக் கைது செய்ய மாட்டார்கள். நீதிமன்றம் பாதுகாப்பு உத்தரவு போட்டு, அதை அவர் மீறினால்தான் அது குற்றம். ஓர் ஆண்டு வரை சிறை அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம்.

படங்கள் உங்களுக்கு எதிராகப் பேசுமா?

நீங்கள் அதிகம் பயப்படுவது இதற்குத்தான் என்று கடிதத்தில் தெரிகிறது. குடும்ப வழக்குகளில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் சுற்றுலாப் படங்களையும் பிறந்தநாள் படங்களையும் நீட்டுவது வாடிக்கைதான். கல்யாண மேடையில் சிரித்துக்கொண்டு நிற்பதால் வீட்டில் எல்லாம் சரி என்று எந்த நீதிபதியும் முடிவு செய்துவிட மாட்டார். அந்தப் படங்களுக்குப் பலம் வருவது ஒரே இடத்தில்: மனுவில் நீங்கள் மிகைப்படுத்தினால். "கல்யாணமான நாளிலிருந்து ஒரு நாள்கூட நிம்மதி இல்லை" என்று எழுதிவிட்டால், கொடைக்கானலில் எடுத்த ஒரே படம் போதும், நீங்கள் சொன்ன உண்மைகளும் சேர்ந்து சந்தேகத்துக்கு உள்ளாகும். மனுக்களில் இந்த மிகை வழக்கமாக எழுதுபவர்களின் கைப்பழக்கத்தால் வருகிறது. நீங்கள் ஒவ்வொரு வரியையும் படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட வேண்டும்.

சரியான முறை, வெளித்தோற்றத்தை நீங்களே மனுவில் சொல்லிவிடுவது. "வெளி நிகழ்ச்சிகளுக்குத் தம்பதியாகச் சென்று வந்தோம், படங்களும் எடுத்துக்கொண்டோம், அதே காலத்தில் வீட்டில் நடந்தது இது" என்று தேதியோடு எழுதினால், படத்தை நீட்டும்போது அதில் புதிதாக ஒன்றும் இருக்காது. எந்தப் படத்தில் கழுத்தில் இருப்பது கவரிங், அந்தத் தேதியில் அசல் எந்த அடகுக் கடையில் இருந்தது என்று காட்ட முடிந்தால், அவர்கள் கொண்டுவரும் படமே உங்கள் பக்கம் சாட்சி ஆகிவிடும். ஆகவே கொழுந்தனார் கல்யாணத்தில் மேடை ஏறுவதால் வழக்கு கெடாது. ஏறுவதும் ஏறாததும் உங்கள் மனம் சம்பந்தப்பட்டது.

பல் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. "வழுக்கி விழுந்தேன்" என்று மருத்துவர் எழுதிய குறிப்பை இப்போது மாற்றித் தரும்படி அவரிடம் கேட்காதீர்கள். கேட்பது தவறு, வழக்குக்கும் கேடு. சிகிச்சைச் சீட்டு, எக்ஸ்ரே, பில் ஆகியவற்றின் நகல் வாங்குங்கள். ஏன் அப்படிச் சொன்னீர்கள், பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று பிரமாணப் பத்திரத்தில் விளக்கலாம். அன்று இரவு அக்காவுக்கு அனுப்பியதாகச் சொல்லும் வாட்ஸ்அப் செய்தி இங்கே மிக முக்கியம். அந்தப் பழைய போனைத் தூக்கிப் போடாதீர்கள். மின்னணுச் சாட்சியத்துக்குப் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63-வது பிரிவின்படி சான்றிதழ் வேண்டும். மூலக் கருவி கையில் இருந்தால் அது எளிது. ஸ்கிரீன்ஷாட் நகல் மட்டும் இருந்தால் சண்டை நீளும்.

கணவன் மனைவி பேச்சை ரகசியமாகப் பதிவு செய்ததை விவாகரத்து வழக்கில் சாட்சியமாக ஏற்கலாம் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மை. நீங்கள் இருந்து பேசும் பேச்சுக்கு அது. அவருடைய போனில் வேவு செயலி ஏற்றுவதோ, அவர் மின்னஞ்சலைத் திறப்பதோ உங்களையே குற்றவாளி ஆக்கிவிடும்.

சம்பளமும் கடனும்: எதை முதலில் செய்வது

இதில் வரிசை தவறினால் சிக்கல். கோபத்தில் முதல் வேலையாக ஏடிஎம் அட்டையை முடக்குவது பலர் செய்வது. அடுத்த நிமிடம் அவருக்குத் தெரிந்துவிடும். அன்றைக்கே பீரோ சாவி மாறும், காகிதங்கள் மறையும்.

முதலில் காகிதம். உங்கள் ஆதார், பான், பட்டச் சான்றிதழ்கள், மகளின் பிறப்புச் சான்றிதழ், கல்யாணப் பதிவு, நகை வாங்கிய ரசீதுகள், அடகுச் சீட்டுகள், கடன் ஒப்பந்தம், கடந்த மூன்று ஆண்டு வங்கி அறிக்கை. போனில் படம் எடுத்தால் மட்டும் போதாது. புதிதாகத் தொடங்கும், அவருக்குத் தெரியாத மின்னஞ்சலுக்கு அனுப்பிவிட்டுப் போனிலிருந்து நீக்குங்கள். அசல்களில் முடிந்தவற்றை அக்கா வீட்டில் வையுங்கள்.

பிறகு உங்கள் பெயரில் புது சிம், கல்லூரியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணைக் கொடுத்து வேறொரு வங்கியில் கணக்குத் தொடங்குங்கள். பழைய கணக்கில் எண்ணை மாற்றினால் பழைய எண்ணுக்குத் தகவல் போகக்கூடும், ஆகவே இப்போதைக்கு அதைத் தொட வேண்டாம். கடன் தகவல் நிறுவனங்கள் நான்கு: சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க். ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். உங்கள் பெயரில் உங்களுக்குத் தெரியாத கடன் இருக்கிறதா என்பது அதில்தான் தெரியும்.

கடைசியாக, மனு தயாரான பிறகு, கல்லூரிக் கணக்குப் பிரிவில் எழுதிக் கொடுத்துச் சம்பளத்தைப் புதுக் கணக்குக்கு மாற்றுங்கள். அடுத்த சம்பளத் தேதியன்று அவருக்கு இது தெரிந்துவிடும், அன்று நீங்கள் எங்கே இருப்பீர்கள், உடன் யார் என்பதை முன்கூட்டியே யோசித்து வையுங்கள். தனிநபர் கடனின் மாதத் தவணை பழைய கணக்கிலிருந்து போகிறது என்றால், அந்தத் தொகையை மட்டும் அதில் போட்டுக்கொண்டே இருங்கள். "வாங்கியது அவர்தானே" என்பது வங்கியிடம் செல்லாது. உங்கள் பெயரில் உள்ள கடன் உங்கள் கடன். விவாகரத்து ஆனாலும் வங்கியை அது கட்டுப்படுத்தாது. அந்தப் பணம் அவர் வியாபாரக் கணக்குக்குப் போனதற்கான வங்கி அறிக்கையை வைத்து, அவரிடமிருந்து ஈடு கேட்கலாம், அது தனி.

காசோலையில் எனக்குக் கவலை அதிகம். வெற்றுக் காசோலையில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாலும் பொறுப்பு கையெழுத்துப் போட்டவர் மீதுதான் தொடங்கும் என்று 2019-இல் பீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வங்கியில் "பணம் கொடுக்காதே" என்று எழுதிக் கொடுப்பதால் மட்டும் காசோலை வழக்கு வராமல் போகாது. எந்தெந்த எண் காசோலைகள், எப்போது, எதற்காகக் கொடுத்தீர்கள் என்று எழுதி வழக்கறிஞர் மூலம் வங்கிக்கும் கணவருக்கும் கடிதம் அனுப்புவது பாதுகாப்பு. இதையும் சம்பளக் கணக்கை மாற்றும் அதே நாளில் செய்யுங்கள். யாராவது காசோலை திரும்பியதாக நோட்டீஸ் அனுப்பினால் 15 நாளுக்குள் பதில் போய்விட வேண்டும். பதில் போகாத நோட்டீஸ் பின்னால் பெரிய தலைவலி.

நகை

"அந்த வீட்டுக்குப் போட்ட நகை, அவங்களுதுதானே" என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். இல்லை. கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் உங்களுக்கென்று கொடுத்தது சீதனம், முழு உரிமை உங்களுக்கே. கணவர் கையில் இருந்தால் அவர் பாதுகாத்துத் தர வேண்டியவர் மட்டும்தான் என்று 1985-இலேயே பிரதிபா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது.

ஒரு நோட்டில் பட்டியல் போடுங்கள்: பொருள், எடை, யார் கொடுத்தது, எப்போது, ரசீது உண்டா, கல்யாண ஆல்பத்தில் எந்தப் படத்தில் தெரிகிறது, இப்போது எங்கே. அடகுச் சீட்டில் கடன் எண், நகை எடை, யார் பெயர், கெடு தேதி ஆகிய நான்கும் தெளிவாக வேண்டும். மூன்று சீட்டில் இரண்டு உங்கள் பெயரில் என்கிறீர்கள். ஏலத்துக்கு முன் வரும் அறிவிப்பு அடகு வைத்தவரின் முகவரிக்கும் எண்ணுக்கும்தான் வரும், அந்த எண் இப்போது கணவரிடம். ஆகவே அந்த இரண்டு கடனுக்கும் நேரில் போய்க் கெடு தேதியைக் கேட்டு வாருங்கள். முடிந்தால் வட்டி கட்டிப் புதுப்பித்துவிடுங்கள். அவர் பெயரில் உள்ளதை நீங்கள் மீட்க முடியாது. அதற்குக் குடும்ப வன்முறைச் சட்டத்தின் 18-வது பிரிவில், உங்கள் சீதனத்திலும் லாக்கரிலும் நீதிமன்ற அனுமதி இல்லாமல் கை வைக்கக் கூடாது என்று தடை கேட்கலாம். 19-இல் திருப்பித் தரும்படி உத்தரவு கேட்கலாம்.

வீடு, ஜீவனாம்சம், மகள்

மாமனார் பெயரில் வீடு இருந்தாலும், நீங்கள் குடும்பமாக வாழ்ந்த வீட்டில் தொடர்ந்து வசிக்கும் உரிமை உண்டு. 2020 அக்டோபரில் சதீஷ் சந்தர் அஹுஜா வழக்கின் தீர்ப்பு இதைத்தான் உறுதி செய்தது. அதற்காக வீட்டில் பங்கு கிடைத்துவிட்டதாக எண்ணக் கூடாது. இது வசிக்கும் உரிமை மட்டும். அங்கே இருக்க முடியவில்லை என்றால் அதே தரத்தில் வேறு வீடோ வாடகையோ கேட்கலாம். தக்க காரணத்தோடு வெளியேறினால் அது "கைவிட்டுப் போனது" ஆகாது. நல்ல நோக்கத்தில் சொந்தக்காரர்கள் சொல்லும் "வாசற்படி தாண்டினா போச்சு" என்பது சட்டம் அல்ல.

சம்பாதிக்கும் மனைவிக்கு ஜீவனாம்சம் கிடையவே கிடையாது என்பதும் தவறு. இருவரும் வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் பிரமாணமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்று ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் 2020-இல் உத்தரவானது. உங்கள் சம்பளத்தைப் பார்த்து உங்களுக்கான தொகை குறையலாம், இல்லாமலும் போகலாம். மகளின் படிப்பு, பராமரிப்புச் செலவில் தந்தையின் பொறுப்பு அப்படியே இருக்கும். அதை அழுத்திக் கேளுங்கள்.

15 வயதுப் பெண்ணின் விருப்பத்தை நீதிபதி பெரும்பாலும் தன் அறையில் தனியாகக் கேட்பார். ஆகவே "பிள்ளையைப் பிடுங்கிவிடுவார்கள்" என்ற பயத்தைத் தள்ளி வையுங்கள். அவளைத் தூது போகவிடுவதை இன்றே நிறுத்துங்கள். "அப்பாகிட்ட சொல்லு" என்ற வாக்கியமே வேண்டாம். சொல்ல வேண்டியதை நீங்களே வாட்ஸ்அப்பில் சுருக்கமாக எழுதி அனுப்புங்கள், அது பதிவாகவும் இருக்கும். கவரிங் பற்றி அவள் கேட்டதற்கு நேர் பதில் சொல்லுங்கள்: "அசல் அடகுல இருக்கு. நீ யார்கிட்டயும் பொய் சொல்ல வேண்டாம், யாராவது கேட்டா அம்மாகிட்ட கேளுங்கன்னு சொல்லு." அப்பாவைப் பற்றிய தீர்ப்பை அவள் தலையில் ஏற்றாதீர்கள். வீட்டுக் கணக்கை மறைக்கும் வேலையிலிருந்து அவளை விடுவித்தால் போதும், தேர்வுக்கு அதுவே பெரிய உதவி.

ஊருக்குத் தெரியாமல் நடக்குமா?

ஓரளவு. குடும்ப வன்முறை வழக்கை மூடிய அறையில் விசாரிக்கக் கோரலாம். விவாகரத்து வழக்கும் அப்படித்தான், அதன் விவரங்களை அச்சிட்டு வெளியிடவும் தடை உண்டு. ஆனால் வீட்டுக்கு நோட்டீஸ் வரும்போது அக்கம்பக்கம் கவனிக்கும். அதை மறைத்துச் சொல்லி உங்களை இறக்கிவிட நான் விரும்பவில்லை.

தொடங்கும் இடம், உங்கள் மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் உள்ள பாதுகாப்பு அலுவலர். அவர் குடும்ப நிகழ்வு அறிக்கை தயாரித்து நீதித்துறை நடுவருக்கு அனுப்புவார், கட்டணம் இல்லை. 60 நாளில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொன்னாலும் நடைமுறையில் இழுக்கும். அதனால் 23-வது பிரிவில் இடைக்கால உத்தரவு கேட்கும் மனுவை முதல் நாளே சேர்த்துப் போடச் சொல்லுங்கள். மாமியார், கொழுந்தனார், நாத்தனார் என்று எல்லோர் பெயரையும் சேர்க்கத் தோன்றும்; நகையிலும் பணத்திலும் நேரடியாகக் கை வைத்தவர்களோடு நிறுத்துங்கள். பட்டியல் நீண்டால் வாய்தாவும் நீளும், உங்கள் குறையின் கூர்மையும் மழுங்கும்.

மகளிர் காவல் நிலையம் இன்னொரு வழி. புகார் கொடுத்தால் மனு ஏற்பு ரசீது வாங்காமல் வராதீர்கள். இருவரையும் உட்கார வைத்துச் சமாதானம் எழுதுவார்கள். "இனி புகார் ஏதும் இல்லை" என்ற வரி இருந்தால் கையெழுத்துப் போட வேண்டாம். கொடுமைக்கான குற்ற வழக்கு, அதாவது பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 498ஏ, இப்போது அதன் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 85-வது பிரிவு, உங்கள் உரிமைதான். உங்கள் கடிதத்தைப் படித்த வரையில், முதல் படியாக அதை எடுக்கச் சொல்ல மாட்டேன். அது தொடங்கிவிட்டால் பணம், நகை பற்றிய பேச்சு பெரும்பாலும் நின்றுபோகும். மறுபடி கை ஓங்கினால் என் கருத்து மாறும்.

கணவரோடு பேசித் தீர்க்கலாம் என்று தோன்றினால், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் சமரச மையத்தில் பேசுங்கள், உறவினர் கூடத்தில் வேண்டாம். உறவினர் முன் நடக்கும் பேச்சில் குடும்ப மானம் முதலில் வந்து உட்கார்ந்துகொள்ளும், நகை மீட்கும் தேதி கடைசிவரை வராது. அதே ஆணைக்குழுவில் வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவச வழக்கறிஞர் உண்டு; எண் 15100.

தேர்வு வரை அதே வீட்டில் இருப்பது என்று முடிவு செய்தால், அதை நான் தவறு என்று சொல்ல மாட்டேன். தனி அறை, தனிச் சமையல் செலவு, உங்கள் சம்பளம் உங்கள் கையில் என்ற ஏற்பாட்டோடு இருங்கள். பின்னால் பரஸ்பர சம்மதத்தில் பிரிய நேர்ந்தால், ஓராண்டு "தனித்து வாழ்ந்தது" என்பதற்கு வேறு வீட்டில் இருந்திருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. ஒரே கூரையின் கீழ் கணவன் மனைவியாக வாழாததும் கணக்கில் வரும். இரவில் தூக்கமில்லை, மனம் பேதலிக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். 14416-இல் மனநல ஆலோசனை இலவசம். சிகிச்சை எடுத்ததாலேயே மகளின் பொறுப்பு கைவிட்டுப் போகாது.

அவர் கை ஓங்கினால், அதே நிமிடம் 181 அல்லது 112. அரசு மருத்துவமனைக்குப் போய், நடந்தது என்ன, யார் செய்தது என்று உள்ளபடி சொல்லிப் பதிவு செய்து நகல் வாங்குங்கள்.